சிகாகோவிலிருந்து அண்ணனுக்கு

சிகாகோ,
செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டு வரி பாக்கிக்கு நோட்டீஸ் வந்ததையும், "சாவி உங்ககிட்ட, வரி மட்டும் எனக்கா" என்று வாத்தியார் சித்தப்பா மல்லுக்கு நிற்பதையும் படித்தேன். கவலையாகத்தான் இருந்தது, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. இங்கேயும் இப்போது அதே பேச்சுதான், பள்ளி ஊழியர்களின் ஓய்வூதியத்துக்குப் பணம் போடுவது நகராட்சியா, பள்ளி போர்டா என்று. தொகை மட்டும் 17.5 கோடி டாலர்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடங்களுக்குத் தனி போர்டு, தனி பட்ஜெட். நகராட்சி வேறு. ஆசிரியர்களுக்கு ஓய்வூதிய நிதியும் தனி. என்னைப் போல வகுப்பில் ஒத்தாசைக்கு நிற்பவர்கள், சாப்பாட்டுக் கூடத்து ஆட்கள், எழுத்தர்கள் எல்லாரும் நகராட்சி ஊழியர் நிதியில் வருகிறோம். அதில் இருக்கும் ஊழியரில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்து ஆட்களாம். சட்டப்படி பணம் போட வேண்டியது நகராட்சி. வெகுகாலம் போட்டும் வந்தது. லோரி லைட்ஃபுட் மேயராக இருந்தபோதுதான், "உங்க ஆட்களுக்கு நீங்களும் கொடுங்க" என்று போர்டிடம் கேட்க ஆரம்பித்தார்கள். இப்போதைய மேயர் பிராண்டன் ஜான்சன் ஆசிரியர் சங்கத்தில் இருந்து வந்தவர். அவரும் விடவில்லை.

கடன் வாங்கியாவது கட்டுங்கள் என்றது மேயர் தரப்பு. பள்ளிகளின் தலைமை அதிகாரி பெட்ரோ மார்ட்டினஸ் முடியாது என்றார். போன வருஷம் அக்டோபரில் போர்டு உறுப்பினர்கள் ஏழு பேரும் ராஜினாமா. அவர்களுக்குப் பதிலாக மேயர் நியமித்தவர்கள் டிசம்பரில் மார்ட்டினஸை நீக்கத் தீர்மானம் போட்டார்கள். இந்த ஆகஸ்ட் 28-இல் ஒரு பட்ஜெட் நிறைவேறியது. 73.4 கோடி டாலர் துண்டு விழுந்ததாம். கடன் கிடையாது, அந்த 17.5 கோடியும் உபரி வந்தால்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த உபரி ஒரு பெரிய கூத்து. ஒரு வட்டாரத்தைக் குறித்து, அங்கே சொத்து வரி ஏற ஏற, ஏறியதை மட்டும் 23 வருஷத்துக்குத் தனியாக எடுத்து வைக்கிறார்கள், வட்டாரத்தை முன்னேற்ற என்று. பள்ளிக்குப் போக வேண்டிய பங்கும் அதற்குள்தான் மாட்டிக்கொள்கிறது. மிச்சம் என்று நகராட்சி அறிவித்தால் பாதிக்கு மேல் பள்ளிக்குத் திரும்பும். ஆக, பள்ளிக்கு இந்தக் கையால் கொடுத்துவிட்டு அந்தக் கையால் ஓய்வூதியப் பங்கைக் கேட்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். 1995-இல் மாநிலச் சட்டம் பள்ளிகளை மேயர் கைக்குள் கொடுத்தது. அதன்பின் வெகுகாலம் கூட்டுக்குடும்பம் மாதிரி எது யார் பணம் என்று யாரும் அழுத்திக் கேட்கவில்லை. இப்போது 21 பேர் போர்டில் பத்துப் பேர் தேர்தலில் வந்தவர்கள். 2027-இல் எல்லாருமே அப்படித்தான். பாகம் பிரிகிற நேரம், பழைய கணக்கெல்லாம் வெளியே வருகிறது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மேல்மாடிக் கிழவி. பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். பேப்பரில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டு காலையிலேயே இறங்கி வந்துவிடுவாள். நம் வீட்டு இட்லிப்பொடியை வெண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவித் தின்பாள், கண்ணில் தண்ணீர் வரும், இன்னொரு கரண்டி கேட்பாள். கோபம் வந்தால் ஹீட்டர் குழாயைக் கரண்டியால் தட்டுவாள். மேயரோ போர்டோ யார் கட்டினாலும் சரி, தன் செக் முதல் தேதிக்கு வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கட்சி. சில நாள் என்னிடம் பேசுவது அவள் ஒருத்திதான்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. காரை விற்றுவிட்டோம், பஸ் வாசலிலேயே நிற்கிறது. சனி ஞாயிறு டெவான் தெருவில் ஒரு மளிகைக் கடைக்கும் போகிறேன், வீட்டில் சும்மா இருப்பானேன் என்று. போன வாரம் அங்கே கறிவேப்பிலைப் பெட்டி பிரித்தபோது முகத்தை உள்ளே விட்டு நின்றுவிட்டேன். முதலாளி கூப்பிட்டது காதில் விழவில்லை. கொல்லையில் அந்தச் செடி இருக்கிறதா அண்ணா? அம்மா இன்னும் அதில்தான் துணி காயப்போடுகிறார்களா?

வரி விஷயம். சித்தப்பா தரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், முழுதையும் நீங்களே கட்டிவிடுங்கள். ரசீது அப்பா பேரிலேயே இருக்கட்டும். என் பங்கில் பாதி இந்த மாதம் வரும், மீதி பொங்கலுக்குள். பேங்க்கில் ஏதோ தாமதம், வேறொன்றும் இல்லை. பாகப் பேச்சைத் தீபாவளி கழித்து எடுங்கள். கீழத்தெரு அத்தையின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பத்திரமும் எழுத வேண்டாம், அத்தைக்கும் பங்கு உண்டு. எனக்காக நீங்கள் கையெழுத்துப் போட பவர் பத்திரம் வேண்டுமானால் வாசகத்தை வக்கீலிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். இங்கே இந்தியத் துணைத் தூதரகம் மூலமாக அத்தாட்சி வாங்கி அனுப்புகிறேன்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் எழுதுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை