தண்ணீர் கேட்டவர்

பட்டர்வொர்த்,
வியாழன் இரவு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது நான்கு நாளாக மனத்தை விட்டு அகலவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் உன்னோடு தங்கியிருக்கும் பெண், நீ சாப்பிடுமுன் கண்மூடுவதைப் பார்த்து, "தினமும் யாரிடம் என்ன சொல்கிறாய்?" என்று கேட்டாள். "சின்ன வயதுப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு நீ குழம்புப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினாய். பேதுருவைப் போல ஆண்டவரை மறுதலித்துவிட்டேன் அப்பா என்று அழுதாய்.

அழாதே அம்மா. இயேசு பிடிபட்ட இரவில் அரண்மனை முற்றத்தில் பேதுருவிடம் கேட்டவர்கள் ஆளை அடையாளம் காட்டக் கேட்டார்கள். உன்னிடம் கேட்டவள் உன்னோடு ஒரே பானைச் சோறு உண்கிறவள். உன்மேல் பிரியம் இருப்பதால் கேட்டாள், மறுபடியும் கேட்பாள். இன்னொன்றையும் நினைத்துக்கொள். நம்முடைய நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குச் 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பின்னாளில் எழுதியவர், மறுதலித்த அதே பேதுருதான் (1 பேதுரு 3:15). விசாரிக்கிறவர்களுக்கு என்கிறார், கவனித்தாயா? அவர்கள் கேட்க வேண்டும், பிறகு நாம் சொல்ல வேண்டும். இந்த வரிசையை நான் ஒருமுறை தலைகீழாக்கினேன். அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

உனக்கு நான்கு வயது இருக்கும். தினமும் காலையில் இங்கிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் படகில் வேலைக்குப் போவேன். அந்தப் பழைய படகுகள் இப்போது இல்லை. மேல்தட்டு மரப் பெஞ்சில் ஒரே இடத்தில் என்னோடு உட்காருவார் உன் பெரியப்பா. ஆமாம், நீ பெரியப்பா என்று அழைக்கும் அவர்தான். அப்போது எனக்கு வெறும் படகு நண்பர். முருக பக்தர். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துத் தண்ணீர்மலை ஏறுபவர். கரையிலிருந்து கரைக்குப் போகும் அந்தக் கால்மணி நேரத்தில் பிள்ளைகள், சம்பளம், பல்வலி என்று எல்லாம் பேசுவோம்.

அந்த வருடம் சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. நெஞ்சு பற்றியெரிய வீடு திரும்பினேன். மறுநாளே பையில் சுவிசேஷக் கைப்பிரதிகளோடு படகில் ஏறினேன். இரண்டு வாரம் அவரை நான் பேசவே விடவில்லை. அவர் கும்பிடும் தெய்வத்தைப் பற்றிச் சொல்லக்கூடாததைச் சொன்னேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு திங்கட்கிழமை பார்த்தால், படகின் மறுகோடியில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஏழு மாதம் அப்படியே போனது. நான் அதைச் சிலுவை சுமப்பது என்று எண்ணிக்கொண்டேன். ஆண்டவருக்காக நான் பட்ட பாடு அல்ல அது. என் வாய் செய்த காயம்.

பிறகு உன் தம்பி பிறந்த இரவு. எட்டாம் மாதத்திலேயே உன் அம்மாவுக்கு இரத்தப்போக்கு. உன்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஈப்போவிலும் சித்தியவானிலும் இருந்தார்கள். வேறு வழி தெரியாமல் அவர் வீட்டுக்கு அழைத்தேன். "பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அரை மணி நேரத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியம்மா உன்னைத் தோளில் போட்டு எடுத்துப் போனார். பெரியப்பா விடியும்வரை என்னோடு பெஞ்சில் இருந்தார். நான் கண்மூடி முணுமுணுத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தபடி இருந்தார்.

ஒரு மாதம் கழித்து, படகில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவராகவே கேட்டார்: "அன்று இரவெல்லாம் என்ன சொன்னீர்கள்?" நான்கைந்து வாக்கியம் சொல்லியிருப்பேன். பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன், இயேசுவிடம் அப்படியே சொன்னேன், அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது, உங்களை அவர்தான் அனுப்பினார் என்று நம்புகிறேன். படகு கரை சேரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மேலும் கேட்டார். இன்றுவரை கேட்கிறார்.

யோவான் நான்காம் அதிகாரத்தை அதன் பிறகுதான் நான் சரியாக வாசித்தேன். யூதர் சமாரியரோடு சம்பந்தம் கலவாத காலம். கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் எதையும் போதிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கையில் பாத்திரம் இல்லாதவராக, களைத்தவராக, அவளிடம் கேட்டார். ஜீவத்தண்ணீர் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. நான் ஏழு மாதமாகத் திறக்க முடியாத கதவும் நான் உதவி கேட்ட இரவில்தான் திறந்தது.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து பழகினார். பிறகு, நம் மக்களுக்குக் கடிதம் எழுதி, நீங்கள் எதை நம்புகிறீர்கள், ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்டு, வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார். அவர் எழுதிய எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கேட்டார் அல்லவா, அது பெரிது.

நீயும் அந்தப் பெண்ணிடம் கேள். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறாள் என்றாயே, யாருக்காக என்று கேள். பதிலுக்கு நீ பேசத் தொடங்கும் தந்திரமாக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. அவள் பேசும்போது அடுத்து எந்த வசனம் சொல்லலாம் என்று மனத்துக்குள் தேடாதே. உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல். கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைத்தால் வயிறாரச் சாப்பிடவிட்டு அனுப்பு, விருந்தைப் பிரசங்கமாக்கிவிடாதே.

அலுவலகத்தில் பக்கத்து மேசை மலாய்த் தோழி பற்றியும் கேட்டாய். நம் மலேசிய அரசமைப்பின் 11-ஆம் விதி, தன் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. ஆனால் 11(4), முஸ்லிம்களிடையே வேறு மதம் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடம் தருகிறது. பல மாநிலங்களில் அப்படிச் சட்டம் உண்டு. அதை அறிந்து நடந்துகொள். அதற்காகத் தோழமையைக் குறைத்துக்கொள்ளாதே. நோன்பு மாதத்தில் அவள் களைத்திருந்தால் அவள் வேலையில் கொஞ்சம் நீ செய்.

பெரியப்பா இன்னும் தண்ணீர்மலைக்குப் போகிறார். அவருக்கு என் ஆண்டவரைத் தெரிய வேண்டும் என்ற ஏக்கம் எனக்குக் குறையவில்லை. தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன், அதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். போன மாதம் கண் அறுவைக்குப் போகுமுன் என்னை அழைத்து, "உங்கள் முறையில் ஒரு தரம் சொல்லுங்கள்" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

சனிக்கிழமை உன் தம்பி ரயிலில் வருகிறான். அம்மா நெத்திலிச் சம்பல் இரண்டு போத்தல் கொடுத்தனுப்புகிறாள். ஒன்று அந்தப் பெண்ணுக்கு. கொடுக்கும்போது, "அன்று நீ கேட்டாய், நான் சரியாகச் சொல்லவில்லை" என்று தொடங்கு.

அன்புடன்,
அப்பா