சிலையை இறக்குவதும் ஒரு வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடிமை வாணிகத்தில் பணம் பார்த்தவர்களின் சிலைகளை எடுக்கலாமா என்றுதான் எல்லோரும் வாதிடுகிறார்கள். எப்படி எடுப்பது என்று யாரும் பேசுவதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு 1895இல் வைத்த சிலையை 2020 ஜூன் 7 அன்று கயிறு கட்டிச் சாய்த்து, துறைமுக நீரில் தள்ளினார்கள். நான்கே நாளில் வெளியே எடுத்தார்கள். சேற்றைக் கழுவிய அருங்காட்சியகத்தார், போராட்டக்காரர்கள் பூசிய சாயத்தை மட்டும் தொடவில்லை. அடுத்த ஆண்டு படுக்கவைத்தே காட்சிக்கு வைத்தார்கள். சிலையை அப்படிக் காப்பதுதான் முறை.

18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் அடிமைகள் மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளுக்குக் கப்பலேறினார்கள். இங்கும் ஒரு நாள் கடற்கரையில் நிற்கும், அந்நாளைய பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சிலையை எடுக்க முடிவானால், கிரேன் கடைசியில் வரட்டும். முதலில் நாலு பக்கமும் படம், அளவு. வார்ப்புச் சிலைகள் பெரும்பாலும் உள்ளே வெற்றுக் கூடு. உள்ளிருந்து தாங்கும் இரும்புக் கம்பி உப்புக் காற்றில் துருவேறிப் பருத்து, வெண்கலத்தையே பிளக்கும். கம்பிக் கயிறு கூடாது, அகல நைலான் பட்டைதான். அதையும் இடுப்பில் கட்ட வேண்டும், கையிலோ கழுத்திலோ அல்ல. போல்ட்டைச் சுற்றிக் கல்லைக் கொத்தினால் பீடம் போய்விடும். சிலையின் அடித்தகட்டுக்கும் பீடக் கல்லுக்கும் நடுவே மெல்லிய ரம்பம் விட்டு அறுப்பதே நல்லது.

இறக்கியதும் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். ஈரம் தங்கி, உப்பு வேலை செய்து, வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். நன்னீரில் கழுவி உலர்ந்த அறையில் வையுங்கள். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் நம்மூர்ப் பழக்கமும் வேண்டாம்.

கல்வெட்டைப் பீடத்திலேயே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
சிலைப் பராமரிப்புப் பணியாளர்கள்,
புதுச்சேரி.