பச்சைத் தூள் உதிர்க்கும் காளான்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் தோட்டத்துப் புல்தரையில் முளைத்த காளான் என்ன என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். மூன்றுமே மேலிருந்து எடுத்தவை. காளானுக்கு மேலிருந்து பார்த்துப் பெயர் சொல்ல முடியாதம்மா. ஒரு மழையும் ஒரு வெயிலும் போதும், குடையின் நிறம் மாறிவிடும், செதிலும் கழுவிக்கொண்டு போய்விடும். நம்பத் தகுந்த அடையாளமெல்லாம் குடைக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும்தான் இருக்கின்றன. போன் ஆப்பில் "சாப்பிடலாம்" என்று வந்ததாக மாப்பிள்ளை சொன்னாராமே, அந்த ஆப் பார்த்ததும் இதே மேல்பக்கத்தைத்தான். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் பாப்பா இருக்கிறாள். அதனால் இன்றைக்கே இதைச் செய்.

நன்றாக விரிந்த ஒன்றையும் மொட்டாக உள்ள ஒன்றையும் எடு. பிடித்து இழுக்காதே. சுற்றிலும் நாலு விரல் ஆழத்துக்குக் கத்தியை விட்டு, மண்ணோடு பெயர்த்தெடு. தண்டின் அடியில் முட்டை ஓடு உடைந்தாற்போல் ஒரு கிண்ணம் இருக்கிறதா என்று பார். அமானிட்டா என்கிற காளான் இனத்தில் கொடிய நஞ்சுள்ளவற்றுக்கு அந்தக் கிண்ணம் உண்டு. இழுத்துப் பிடுங்கினால் அது மண்ணிலேயே தங்கிவிடும், நமக்கும் தெரியாமல் போய்விடும். மொட்டை நெடுக்காக இரண்டாக வெட்டு. உள்ளே சின்னக் குடையும் தண்டும் வரைந்தது போலத் தெரிந்தால் அது இனிமேல் விரியப்போகும் குடைக்காளான். உருண்டையாக இருக்கிறதே என்று வேறொன்றாக நினைத்துவிடக் கூடாது.

விரிந்ததின் தண்டைக் குடையை ஒட்டி நறுக்கிவிடு. பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒரு காகிதம் வை (இரண்டு தாளை ஒட்டினால் போதும்). மடிப்புகள் உள்ள அடிப்பக்கம் கீழே இருக்கும்படி குடையை அதன்மேல் கவிழ்த்து, உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எவர்சில்வர் கிண்ணத்தால் மூடி வை. மூடாவிட்டால் மின்விசிறிக் காற்றில் தூள் கலைந்துபோகும். இரவு வைத்தால் காலையில் எடுத்துப் பார்க்கலாம். மடிப்புகளிலிருந்து ஸ்போர் என்கிற தூள் உதிர்ந்து, கோலம் போட்டது போலப் படிந்திருக்கும். வெள்ளைத் தாளில் மட்டும் வைத்தால் வெள்ளைத் தூள் கண்ணில் படாது, அதற்குத்தான் கறுப்பு. ஒன்றும் படியவில்லையென்றால் குடை இளசாக இருந்திருக்கும், அல்லது காய்ந்திருக்கும். வேறொன்றை வைத்துப் பார்.

படிந்த தூள் மங்கின பச்சையாக இருந்தால் நான் சந்தேகப்படுவதேதான்: குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்கிற நச்சுக்காளான். மழைக்குப் பிறகு புல்தரையில் வட்டமாகவோ வரிசையாகவோ எழும்பும். குடை சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட வரும். வெள்ளைக் குடையின் நடுவில் பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய தடித்த வளையம், அடியில் கிண்ணம் கிடையாது. இளசில் மடிப்புகள் வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றிய பிறகே பச்சை ஏறும். ஆள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மொட்டைப் பார்த்தால் கடையில் வாங்கும் மொட்டுக்காளான் போலவே இருக்கும். தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் பிடிக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். சின்னக் குழந்தைக்கு உடம்பில் நீர் வற்றிப்போவதுதான் பெரிய ஆபத்து.

பச்சை வரவில்லை என்பதால் நல்ல காளான் என்று ஆகிவிடாது. இளஞ்சிவப்பு வந்தால் புற்றுக்காளானாக இருக்கலாம், ஆனால் அதே நிறத் தூள் உள்ள நச்சுக்காளானும் உண்டு. புற்றுக்காளானுக்குக் குடை உச்சியில் கூர்மையான குமிழும், கறையான் கூடு வரை மண்ணுக்குள் இறங்கும் நீண்ட வேர் போன்ற தண்டும் இருக்கும். தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். சாக்லேட் நிறம் மொட்டுக்காளானின் இனம், அதிலும் வயிற்றைக் கெடுப்பவை உண்டு. வெள்ளைதான் மிகவும் குழப்பும். சந்தையில் விற்கிற பால் காளானுக்கும் வெள்ளைத் தூள், உயிரைக் குடிக்கும் அமானிட்டாவுக்கும் வெள்ளைத் தூள். ஆகவே நிறம் எது வந்தாலும் தோட்டத்தில் முளைத்ததைச் சமைக்க வேண்டாம். சமைக்க ஆசையென்றால் வளர்ப்புக் காளான் வாங்கிக்கொள்.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, கூட வேகவைத்த மஞ்சளின் நிறம் மாறுகிறதா, புழு தின்றிருக்கிறதா என்று யாராவது சோதனை சொன்னால் கேட்காதே. அமானிட்டாவை நத்தையும் புழுவும் தாராளமாகத் தின்னும். அதன் நஞ்சு வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது. அறிகுறி தெரியவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; வாந்தி நின்று, மறுநாள் சுகமாகிவிட்டது போலத் தோன்றும்; அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டுப் பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள், தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள்தான் அதிகம்.

பாப்பா ஒரு துண்டு கடித்துவிட்டாள் என்று தெரிந்தால் வாயைத் துடைத்துவிட்டு, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு போ, அல்லது 108-ஐக் கூப்பிடு. உப்புக் கரைசல் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதே. மிச்சக் காளானைக் காகித உறையில் போட்டுக் கையோடு எடுத்துப் போ. பாலிதீனில் வைத்தால் குழைந்து அடையாளம் அழிந்துவிடும். எத்தனை மணிக்குத் தின்றாள் என்பதையும் எழுதி வை.

புல்தரைக்கு மருந்து அடிக்க வேண்டாம். காளானின் உடம்பு மண்ணுக்குள் நூல்நூலாக, மட்கிய வேரையும் புதைந்த மரத்துண்டையும் தின்றுகொண்டிருக்கிறது. மேலே தெரிவது அதன் காய் மாதிரி. மழை நிற்கும் வரை தினமும் காலையில், குடை விரியும் முன், கையோடு பறித்துக் குப்பையில் போட்டுவிடு. தொட்டால் நஞ்சு ஏறாது. கையைக் கழுவிக்கொண்டால் போதும். பக்கத்து வீட்டு நாய் தின்னாத இடமாகப் பார்த்துப் போடு. பூந்தொட்டியில் வரும் மஞ்சள் காளானைப் பற்றிக் கேட்டாயே, அது தொட்டி மண்ணோடு வந்தது. செடிக்குக் கெடுதல் இல்லை, ஆனாலும் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் தொட்டியை வை.

தூள் படிந்த தாளையும், குடையின் அடிப்பக்கத்தையும், தண்டின் அடியையும் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்
அப்பா

பி.கு. மூன்றாவது படத்தின் ஓரத்தில் தென்னை தெரிகிறது. அடிமரத்தில் அலமாரித் தட்டு போலச் செம்பழுப்பாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது புல்தரைக் காளானைவிட மரத்துக்குப் பெரிய கவலை. கேனோடெர்மா என்கிற பூஞ்சை என்று நினைக்கிறேன். அது தென்னைக்குக் கொண்டுவரும் நோயை 1952-இல் தஞ்சாவூர்ப் பக்கம் கண்டறிந்ததால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் வந்தது. அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிகிறதா என்று பார்த்துச் சொல். வடிந்தால் வேளாண் அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டு. அதற்குள் மரத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு வாங்கி வை.