பூர்வகுடி இளம் வீரர்களைத் தெரிவு செய்வதோடு கழகங்களின் கடமை முடிந்துவிடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏ.எஃப்.எல். (அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்) கழகங்களில் அவுஸ்திரேலியப் பூர்வகுடி வீரர்களின் தொகை குறைந்து வருவதைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான குறிப்பைப் படித்தேன். 2020ஆம் ஆண்டில் 87ஆக இருந்த அத்தொகை, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் எழுபதுக்கும் கீழே இறங்கிவிட்டது என்பது கவலைக்குரிய செய்திதான். ஆனால் அக்குறிப்பைப் படித்து முடிக்கும்போது, திறமையுள்ள சிறுவர்கள் முன்போல் உருவாகவில்லை என்ற எண்ணமே மனதில் தங்குகிறது. நாட்டின் வடக்கே டார்வினிலோ, திவித் தீவுகளிலோ, கிம்பர்லிப் பகுதியிலோ ஒரு போட்டியை மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்த எவரும் இதை ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். கழகங்கள் அச்சிறுவர்களை எடுக்கத் தயங்குகின்றன. எடுத்தவர்களை நிலைக்கவைக்கவும் போதிய அளவு முயல்வதில்லை. இவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால், இரண்டாவதைப் பற்றி முதலில் எழுத விரும்புகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் நடைபெறும் வீரர் தெரிவில், பதினெட்டு வயதை எட்டிய இளைஞர்களைக் கழகங்கள் முறைவைத்து எடுத்துக்கொள்கின்றன. எந்தக் கழகம், எந்த நகரம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த இளைஞனுக்கு இல்லை. பெயர் அழைக்கப்பட்ட சில நாட்களிலேயே பருவகால முன்பயிற்சி தொடங்கிவிடுகிறது. கழகம் ஏற்பாடு செய்யும் ஒரு குடும்பத்துடன் தங்கி, முன்பின் அறியாத நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்களுடன் அவன் பயிற்சிக்குப் போகவேண்டும். மெல்பேர்ணின் புறநகர் ஒன்றில் வளர்ந்த பையனுக்கு இது வாழ்க்கையில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். அலிஸ் ஸ்பிறிங்ஸிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யுவெண்டுமு போன்ற ஊரிலிருந்து வரும் பையனுக்கோ மொழி, உணவு, குளிர், உறவு, பொழுது என்று எல்லாமே ஒரே வாரத்தில் மாறிவிடுகின்றன.

யுவெண்டுமுவை நான் எழுந்தமானமாகக் குறிப்பிடவில்லை. வல்பிரி மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட லியம் ஜுறா என்ற இளைஞர் அவ்வூரிலிருந்து 2008ஆம் ஆண்டின் இறுதியில் மெல்பேர்ண் கழகத்தால் தெரிவு செய்யப்பட்டார். 2009இல் முதற்போட்டியில் ஆடினார். 2010இல், எதிரணி வீரர்களுக்கு மேலாக எழும்பிப் பந்தைப் பற்றியதற்காக அவ்வாண்டின் மிகச்சிறந்த பிடிக்கான விருதைப் பெற்றார். 2012உடன் அவருடைய ஏ.எஃப்.எல். வாழ்க்கை முடிந்துவிட்டது, ஆடிய போட்டிகள் மொத்தம் 36. அவருடைய பிற்கால இன்னல்களை இங்கே கிளறுவது நாகரிகமன்று. எனினும், நாடே வியந்த ஆற்றல் நான்கு பருவங்களுக்குள் கைநழுவிப் போனபோது, பத்திகளும் வானொலி உரையாடல்களும் பெரும்பாலும் அந்த இளைஞரையே ஆராய்ந்தன. பாலைவன ஊரொன்றிலிருந்து ஒருவரை அழைத்துவரும் கழகம் எதற்கெல்லாம் ஆயத்தமாக இருந்திருக்கவேண்டும் என்ற ஆராய்ச்சி அந்த அளவுக்கு நடைபெறவில்லை.

இந்தக் குறை புதியதுமன்று. ஆண்டுதோறும் ஏ.எஃப்.எல். தன்னுடைய பூர்வகுடிச் சுற்றை சேர் டக் நிக்கல்ஸின் பெயரால் நடத்துகிறது. கமராகன்ஜா என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் பிறந்த அவர், 1927இல் கார்ல்ட்டன் கழகத்தில் சேர முயன்றபோது அவருடைய நிறத்தைக் காரணங்காட்டி ஒதுக்கப்பட்டார். நோர்த்கோட் கழகத்தில் ஆடிப் பெயரெடுத்த பின்னர் 1932இல் ஃபிற்ஸ்றோய் கழகத்துக்கு வந்தார். அங்கும் உடைமாற்றும் அறையில் தனித்து இருந்தவரை, அன்றைய பெரும் நட்சத்திரமான ஹேடன் பன்டன் தேடிவந்து தோழமை கொண்டார். பின்னாளில் தெற்கு அவுஸ்திரேலியாவின் ஆளுநராகப் பதவியேற்ற ஒருவரின் உதைபந்தாட்ட வாழ்வு, சக வீரர் ஒருவரின் தனிப்பட்ட நற்குணத்தில் தங்கியிருந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் பல இளைஞர்களின் நிலை அவ்வளவாக மாறவில்லை: தங்கவைக்கும் குடும்பம் நல்லதாக வாய்த்தால், அணியில் மூத்த பூர்வகுடி வீரர் ஒருவர் இருந்தால், பயிற்றுநர் காதுகொடுத்துக் கேட்பவராக அமைந்தால் பிழைத்துக்கொள்வார்கள். கோடிக்கணக்கான டொலர்கள் புரளும் ஒரு லீக்கில் இது நல்லூழின் பொறுப்பில் விடப்படக்கூடிய காரியமா?

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இழவு பற்றிய விடயம். பூர்வகுடிச் சமூகங்களில் ஒருவர் இறந்தால், துக்கம் காப்பதும் அதற்குரிய சடங்குகளில் உரிய இடத்தில் நிற்பதும் தட்டிக்கழிக்கமுடியாத கடமை. இறுதிக்கிரியை வாரக்கணக்கில் தள்ளிப்போகவும் கூடும். உறவினர் பல ஊர்களிலிருந்தும் வந்துசேரவேண்டும். தகப்பனுடைய சகோதரரும் தகப்பனே, பெரியம்மாவின் மகனும் உடன்பிறந்தவனே என்ற முறை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. ஆனால் அவுஸ்திரேலியத் தொழிற்சட்டம் பொதுவாக வழங்கும் துக்க விடுப்பு இரண்டே நாட்கள். அதுவும் நெருங்கிய குடும்பத்தவரோ ஒரே வீட்டில் வசிப்பவரோ இறந்தால் மட்டுமே. மெல்பேர்ணிலிருந்து டார்வினுக்கு விமானத்தில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல். அங்கிருந்து திவித் தீவுகளுக்குச் சிறு விமானத்திலோ படகிலோ போகவேண்டும். பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், அடுத்த சனிக்கிழமை அணியில் தனக்கு இடம் கிடைக்குமா என்று தெரியாத நிலையில், இறந்தவர் தனக்கு இன்ன உறவு என்று பயிற்றுநர் முன்னால் நின்று நிறுவவேண்டியிருந்தால், ஒன்று அவன் கேளாமலே இருந்து உள்ளே நொறுங்குவான். அல்லது சொல்லாமல் புறப்பட்டுப் போய் ஒழுங்கற்றவன் என்று பெயரெடுப்பான்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே அவனது குடும்பத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் கலந்து, யார் யாருடைய இறப்புக்கு அவன் போயே ஆகவேண்டும், எந்தச் சடங்குகளுக்கு எவ்வளவு காலம் தேவைப்படும், பயணத்தை யார் ஒழுங்கு செய்வது என்பவற்றை எழுத்தில் வைத்துவிடலாம். போய் வந்தால் இடம் பறிபோகாது என்ற உறுதியையும் அதிலேயே சேர்த்துவிடலாம். கழகங்கள் விளம்பர ஒப்பந்தங்களில் ஒரு காற்புள்ளிக்கே சட்டத்தரணிகளை வைத்து வாதாடுகின்றன. இந்த ஒரு பக்கத்தை எழுதுவது அவற்றுக்குச் சிரமமாக இராது.

ஏ.எஃப்.எல். எதுவும் செய்யவில்லை என்று நான் கூறவரவில்லை. பூர்வகுடி வீரர்களுக்கான தொடர்பு அலுவலர் ஒருவரைக் கழகங்கள் நியமிக்கவேண்டும் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. வீரர்கள் சங்கமும் பூர்வகுடி வீரர்களை ஒன்றுகூட்டி முகாம்களை நடத்திவருகிறது. இவை நல்ல காரியங்கள். ஆயினும் அந்த ஓர் அலுவலரின் தலையில் வீடு பார்ப்பது, வாகன அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொடுப்பது, வங்கிக் கணக்குத் திறப்பது, ஊரிலிருந்து வரும் உறவினரை வரவேற்பது, கழகத்து ஊழியர்களுக்குப் பண்பாட்டு வகுப்பு எடுப்பது, நிர்வாகத்துக்கு நல்லிணக்கத் திட்டம் எழுதிக்கொடுப்பது என்று எல்லாம் விழுகிறது. இவ்வளவையும் சுமக்கும் அவர், வீரரைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் மேசையில் இருக்கிறாரா? பயிற்றுநரிடம், 'இந்தப் பையனை இந்த வாரம் ஊருக்கு அனுப்புங்கள்' என்று சொல்லவும், சொன்னது நடக்கவும் வேண்டிய அதிகாரம் அவருக்கு உண்டா? அதிகாரமில்லாத அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆறுதல் சொல்லத்தான் முடியும். கோவிட் தொற்றினால் வருமானம் விழுந்தபோது, 2020இல் பயிற்சிப் பிரிவுச் செலவுகளுக்கான உச்சவரம்பு கடுமையாக வெட்டப்பட்டது. அத்தகைய காலங்களில் முதலில் மெலிவது வீரர் நலன் சார்ந்த பணிகளே. ஆண்டுதோறும் மே மாதத்தில் பூர்வகுடி ஓவியம் பொறித்த அணிச் சட்டைகளை அழகாக விற்கும் கழகங்கள், இந்தப் பணியிடங்களுக்கு என்ன செலவிடுகின்றன என்பதையும் அதே உற்சாகத்தோடு வெளியிட்டால் நாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம்பிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். கார்ல்ட்டனிலும் அடிலெய்டிலும் 350 போட்டிகளில் ஆடிய எடி பெற்ஸ், 2018இல் அடிலெய்ட் கழகம் நடத்திய முகாமில், தாம் ஆலோசகரிடம் அந்தரங்கமாகக் கூறிய விடயங்கள் தம்மை நோக்கியே வீசப்பட்டன என்றும், தமது பண்பாட்டுக்குரிய புனிதங்கள் மதிக்கப்படவில்லை என்றும் 2022இல் வெளிப்படையாகத் தெரிவித்தார். கழகமும் லீக்கும் அவரிடம் மன்னிப்புக் கோரின. மக்களின் பேரன்பைப் பெற்ற, முப்பது வயது தாண்டிய ஒருவருக்கே இந்த அனுபவமென்றால், புதிதாக வந்த பையன் கழகத்து உளவியலாளரிடம் மனம்விட்டுப் பேசுவான் என்று எப்படி எதிர்பார்ப்பது? அதனால் இளம் வீரர்களுக்கான ஆலோசகர் கழகத்தின் சம்பளப் பட்டியலுக்கு வெளியே இருக்கவேண்டும். முடிந்தவரை பூர்வகுடியினராகவும் இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

குடும்பத்தைச் சேர்த்துப் பார்க்காத எந்த ஆதரவும் நிற்காது என்பதற்குச் சிறில் றியோலியின் வாழ்க்கை சான்று. திவித் தீவுகளின் புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்து, பள்ளிப்பருவத்திலேயே மெல்பேர்ண் விடுதியொன்றில் தங்கிப் படித்தவர் அவர். ஆகவே அவருக்கு நகரம் புதிதன்று. ஹோதோர்ன் கழகத்துடன் நான்கு கிண்ணங்களை வென்று, 2015 இறுதிப்போட்டியின் சிறந்த வீரருக்கான நோம் ஸ்மித் பதக்கத்தையும் பெற்றவர், 2018இல் 28 வயதிலேயே ஓய்வை அறிவித்து டார்வினுக்குத் திரும்பினார். கழகச் சூழலில் தாமும் தமது மனைவியும் கேட்க நேர்ந்த புண்படுத்தும் பேச்சுகளும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னர் இருவரும் தெரிவித்தார்கள். முதலாண்டில் வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு, அவன் ஊன்றிவிட்டான் என்று கோப்பை மூடிவைக்கும் கழகங்கள் இதைக் கவனிக்கவேண்டும். பத்தாண்டு ஆடியவருக்கும் கழகம் ஒரு வீடாக அமையாமற் போகலாம்.

இனநிந்தை குறித்து அதிகம் எழுதத் தேவையில்லை. தங்கள் வாசகர்கள் அறிந்ததே. 1993இல் விக்ரோறியா பார்க் மைதானத்தில், பார்வையாளர்களின் இனநிந்தைக்குப் பதிலாகப் பூர்வகுடி வீரர் நிக்கி வின்மார் சட்டையை உயர்த்தித் தன் தோலைச் சுட்டிக்காட்டினார். 1995இல் ஆட்டத்தின்போது தம்மீது வீசப்பட்ட இனநிந்தையைப் பற்றிப் பூர்வகுடி வீரர் மைக்கல் லோங் அமைதியாக இருக்க மறுத்ததன் பயனாக, நிந்தைக்கு எதிரான விதி லீக்கில் பிறந்தது. அதன் பின்னரும், பருவத்தின் சிறந்த வீரருக்கான பிறவுண்லோ பதக்கத்தை இருமுறை வென்ற அடம் கூட்ஸ் 2015இல் மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு அவமதிக்கப்பட்டார். லீக் மன்னிப்புக் கேட்பதற்கு 2019 வரை ஆயிற்று. 2023இல் இருபது வயதான ஜமாறா யூகிள்-ஹேகன் வின்மாரைப் போலவே சட்டையை உயர்த்தவேண்டியிருந்தது. இதில் ஒன்றை மட்டும் கூறுகிறேன். ஒவ்வொரு சம்பவத்துக்குப் பின்னரும் ஒலிவாங்கிகள் அணியிலுள்ள இளம் பூர்வகுடி வீரரை நோக்கியே நீட்டப்படுகின்றன. நிந்தித்தவர்களுக்குப் பாடம் புகட்டும் வேலையும் நிந்திக்கப்பட்டவனுக்கே என்றால், அவன் பந்து விளையாடுவது எப்போது? அந்த வாரத்தில் பேசவேண்டியவர் கழகத்தின் தலைவர்.

பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏக்கம் இருக்கும், சிலருக்கு மட்டும் எதற்குச் சலுகை என்று கேட்பவர்கள் உண்டு. ஏ.எஃப்.எல். கழகங்கள் எல்லாரையும் ஒரேவிதமாக நடத்துவதாக நினைப்பது தவறு. ஒருவனுடைய தொடைத் தசைக்கு ஒரு பயிற்சி, இன்னொருவனுடைய முழங்காலுக்கு வேறொன்று, மூன்றாமவனுக்குத் தனி உணவு என்று ஆளுக்கொரு திட்டம் வைத்திருக்கிறார்கள். உடலுக்கு ஏற்றபடி வேறுபடுத்தத் தெரிந்தவர்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடியும் வேறுபடுத்தலாம்.

இனி, எடுக்கத் தயங்குவதைப் பற்றி. தெரிவாளர்கள் தங்களுக்குள் 'கோ ஹோம் ஃபாக்டர்' என்று பேசிக்கொள்கிறார்கள்; அதாவது பையன் ஊருக்குத் திரும்பிவிடும் அபாயம் எவ்வளவு என்ற கணக்கு. திரும்பிப் போகாமல் இருக்கக் கழகம் என்ன செய்யும் என்ற கணக்கு அதில் வருவதில்லை. 2016இல் தொடங்கப்பட்ட அடுத்த தலைமுறைப் பயிற்சி நிலையங்கள் இதற்கு ஓரளவு விடையாக இருந்தன. ஒவ்வொரு கழகமும் தனக்கு ஒதுக்கப்பட்ட பிரதேசத்தின் பூர்வகுடிச் சிறுவர்களைச் சிறு வயதிலிருந்தே பழக்கி, தெரிவு நாளில் தன்னிடமே சேர்த்துக்கொள்ள முன்னுரிமை பெற்றது. ஃபிறாம்லிங்கம் ஊரைச் சேர்ந்த யூகிள்-ஹேகன் 2020இன் முதல் தெரிவாக வெஸ்ற்றேர்ண் புல்டோக்ஸ் கழகத்துக்குப் போனது அவ்வாறே. ஆனால் 2021இல் முதல் இருபது இடங்களுக்கும், அடுத்த ஆண்டில் முதல் நாற்பது இடங்களுக்கும் அந்த முன்னுரிமை மறுக்கப்பட்டது. தெரிவில் முன்வரிசைக்கு வரக்கூடிய ஒருவனை வளர்த்தாலும் வேறொருவர் கொண்டுபோய்விடுவார் என்றபோது எந்தக் கழகம் தொலைதூர ஊர்களில் மனமொப்பிச் செலவழிக்கும்? 2024இல் அந்தத் தடை நீக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. அதன் பலன் தெரியச் சில ஆண்டுகள் செல்லும்; அதற்குள் விதியை மீண்டும் மாற்றாமல் இருந்தாலே போதும். ஒரே ஊரிலிருந்தோ ஒரே மொழிக்குழுவிலிருந்தோ இருவரைச் சேர்த்து எடுக்கும் கழகத்துக்கு அணிப்பட்டியலில் கூடுதல் இடம் ஒன்றை வழங்குவதையும் லீக் பரிசீலிக்கலாம். தனியாக வருபவன் பேச்சை இழந்துவிடுகிறான். துணையோடு வருபவன் இரவில் தன் மொழியில் பேசிச் சிரிக்கவாவது முடியும்.

நம்மவர் பலர் தங்கள் பிள்ளைகளின் பொருட்டு ஏதாவதொரு ஏ.எஃப்.எல். கழகத்தில் கட்டணம் செலுத்திய அங்கத்தவர்களாக இருக்கிறார்கள். நாடெங்கும் அத்தகைய அங்கத்தவர் தொகை 12 இலட்சத்துக்கும் அதிகம். பல கழகங்களில் நிர்வாகசபையைத் தெரிவு செய்யும் வாக்கு அவர்களிடமே இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. உங்கள் கழகத்தின் பூர்வகுடித் தொடர்பு அலுவலர் எத்தனை ஆண்டுகள் பதவியில் நிலைத்திருக்கிறார், அவர் யாருக்கு நேரடியாக அறிக்கையிடுகிறார், துக்க விடுப்புப் பற்றி வீரர் ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, கடந்த பத்தாண்டில் எடுக்கப்பட்ட பூர்வகுடி வீரர்களில் எத்தனை பேர் முதல் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் ஆடினார்கள் என்ற கேள்விகளை வரும் பொதுக்கூட்டத்தில் எழுப்பும்படி தங்கள் பத்திரிகை மூலம் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கிடைக்கும் பதில்களை வெளியிடத் தங்கள் விளையாட்டுப் பக்கம் இடமளிக்குமென்றும் எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகர்,
டன்டினோங், மெல்பேர்ண்