அணைத்து வைக்கப்பட்ட எச்சரிக்கை விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேற்றர் நீர் குறைந்தால் எரிய வேண்டிய எச்சரிக்கை விளக்கு காரணமின்றி எரியும்போது, எங்கே பழுது என்று தேடாமல் சென்சருக்குச் செல்லும் இரண்டு வயர்களையும் வெட்டி ஒன்றாக முறுக்கி, விளக்கை அணைத்துக் கொடுக்கும் வழக்கம் வன்னியில் பரவியிருக்கிறது. இதனால் நான் பட்டதையும் பின்னர் அறிந்துகொண்டதையும் தங்கள் பத்திரிகை வாயிலாக வாகனச் சாரதிகளுக்கும் திருத்துநர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய டீசல் வான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் அது மீண்டும் திறக்கப்படும் வரை, இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர எம்மில் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒருநாள், மல்லாவியிலிருந்து மாங்குளம் நோக்கி வரும்போது நீர் குறைவைக் காட்டும் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. இறங்கிப் பார்த்தேன், நீர்த் தாங்கியில் மேற்கோடு வரை நீர் இருந்தது. அடுத்த சில நாட்களில், குழியில் சில்லு இறங்கினால் எரிவதும் நேர் வீதியில் அணைவதுமாக இருந்து, இறுதியில் அணையாமலே எரியத் தொடங்கியது. வழியில் இருந்த ஒரு கராஜில் காட்டினேன். பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்துவிட்டது. 300 ரூபா கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், இவ்வளவு மலிவாக முடிந்ததே என்று மகிழ்ந்துதான் வீடு வந்தேன்.

ஐந்து மாதங்களின் பின், மாமியாரை வவுனியாவில் கிளினிக்குக்குக் காட்டிவிட்டு ஏ9 வீதியால் திரும்பிக்கொண்டிருந்தோம். கனகராயன்குளம் தாண்டியதும் எஞ்சினின் இழுவை குறைந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து சூடான இரும்பு மணம் வந்தது. ரேடியேற்றரின் மேல் ஹோஸ் வெடித்து நீர் முழுவதும் எப்போதோ வழிந்து போயிருந்தது. நீர் குறைவு விளக்கு எரியவில்லை. வெப்பமானியின் முள்ளும் சிவப்புக்குப் போகவில்லை. மாறாக, வழமையை விடச் சற்றுக் கீழே நின்றது. இதை நான் நெடுநாள் நம்ப முடியாமல் இருந்தேன். வெப்பத்தை அளக்கும் சென்சர் நீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும் என்பதும், நீர் வடிந்துவிட்டால் அது நீரின்றி வெறுமனே தொங்கிக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டக்கூடும் என்பதும் பிறகுதான் விளங்கியது. வெப்பமானி இருக்க இன்னொரு சென்சர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். எஞ்சினின் மேற்பகுதியான ஹெட் வளைந்து, அதன் கீழுள்ள கஸ்கட் எரிந்து, வான் மூன்று கிழமை ஓடாமல் நின்றது. செலவை இங்கே எழுதி என்னை நானே மீண்டும் நோகடிக்க விரும்பவில்லை.

எஞ்சின் வேலை முடிந்த பிறகு, பரந்தன் பக்கம் வயரிங் வேலை செய்யும் ஒரு முதியவரிடம் வானைக் கொண்டுபோனேன். அவர் பற்றரித் தட்டைத் தாண்டி உள்ளே செல்லும் வயர்க்கட்டுக்குள் கையை விட்டு, கறுப்பு ரேப் சுற்றிய ஒரு முடிச்சை வெளியே இழுத்துக் காட்டினார். “தம்பி, உங்கட வான் அஞ்சு மாசமா ‘தண்ணி நிறைய இருக்கு’ எண்டு பொய் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கு” என்றார்.

என் வானில் உள்ள சென்சர் மிதவை வகையைச் சேர்ந்தது. தாங்கிக்குள் ஒரு மிதவை, அதில் ஒரு சிறு காந்தம், தண்டுக்குள் அந்தக் காந்தத்தால் இயங்கும் ஒரு மெல்லிய சுவிட்ச். நீர் நிறைந்திருந்தால் சுவிட்ச் மூடியிருக்கும், நீர் இறங்கினால் திறந்துகொள்ளும், திறந்தால் விளக்கு எரியும். ஆகவே இரண்டு வயர்களையும் முறுக்கிவிட்டால், தாங்கி காய்ந்து கிடந்தாலும் சாரதிக்கு முன்னுள்ள மீற்றர் பலகைக்கு அது நிறைந்த தாங்கிதான். சாவியைத் திருப்பியவுடன் மற்ற விளக்குகளோடு சேர்ந்து சில விநாடிகள் இந்த விளக்கும் எரிந்து அணைவதால், சாரதிக்குச் சந்தேகமும் வராது. வேறு சில வாகனங்களில் இது தலைகீழாக இருக்கும்: நீர் குறையும்போது சுவிட்ச் மூடிக்கொண்டு விளக்கை எரிக்கும். அவற்றில் வயர் அறுந்தாலே போதும், யாரும் கை வைக்காமலே எச்சரிக்கை செத்துவிடும். எனவே எந்த வகை என்று தெரியாமல் வெட்டுவதும் முறுக்குவதும் இருட்டில் கல்லெறிவதற்கு ஒப்பாகும்.

அந்த முதியவர் சோதித்த முறையை அருகில் இருந்து பார்த்தேன். எஞ்சின் நன்றாக ஆறும் வரை மூடியைத் தொட விடவில்லை. அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருந்து, மூடியைத் திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும் என்பதால் அதில் அவருக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பிறகு முறுக்கைப் பிரித்து, சென்சரின் இரண்டு ஊசிகளிலும் மின்தடையை அளக்கும் மல்ரிமீற்றரை வைத்தார். மிதவை மேலே நின்றபோது மின்தடை ஏறத்தாழச் சுழியத்தைக் காட்டியது. மெல்லிய குச்சியால் மிதவையை அமுக்கியபோது சுற்று திறந்தது. சென்சர் பழுதில்லை. அப்படியானால் பழுது வயரில்தான். பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் மீற்றரை வைத்து, இடையில் வயரைச் சாண் சாணாக வளைத்து அசைத்துக்கொண்டு போனார். பற்றரித் தட்டின் விளிம்பில் உராயும் இடத்தை அசைத்தபோது மீற்றரின் ஒலி விட்டு விட்டு வந்தது. மேலுறை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பிளேட்டால் கீறியபோது உள்ளே செம்பு இல்லை. பச்சைத் தூள்தான் கொட்டியது. பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டி எறிந்து, புதுத் துண்டு வைத்து ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே போட்டு, தட்டில் உராயாதபடி கட்டிவிட்டார். முழு வேலைக்கும் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

எல்லா வாகனங்களிலும் மிதவை இருப்பதில்லை. வொக்ஸ்வேகன் போன்ற சில கார்களில் இரண்டு உலோக முட்கள் நீருக்குள் நின்று, நீரின் மின்கடத்தலைக் கொண்டே அளவை அறிகின்றன. கேத்திலில் வெள்ளைப் படை படியும் எமது கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் அம்முட்களிலும் அதே படை படியலாம். அதற்காகக் காய்ச்சி வடித்த தூய நீரை மட்டும் ஊற்றினாலும் மின்கடத்தல் போதாமல், தாங்கி நிறைந்திருக்கவே விளக்கு எரியலாம். வடிநீரோடு, ரேடியேற்றருக்கென உள்ள உரிய கூலன்ட் திரவத்தைக் கலந்து ஊற்றுவதே முறை. பனி விழாத ஊரில் கூலன்ட் எதற்கு என்பார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான். வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; அது இனிப்புச் சுவையுடைய நஞ்சு, நாயும் கன்றும் குடித்துவிடும்.

கராஜ்காரர்களைக் குற்றவாளிகளாக்குவது என் நோக்கமன்று. அவர்களில் பலர் பள்ளிக்கூட வயதிலேயே ஸ்பானர் பிடித்து, ஜப்பானிய மொழிக் கையேட்டோடு வரும் வாகனத்தைக் கண்பார்வையில் கற்றுக்கொண்டவர்கள். அவசரத்துக்கு வயரை முறுக்க நேர்ந்தால், முறுக்கியிருக்கிறோம் என்பதைச் சொல்லி, பற்றுச்சீட்டிலும் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாமே. அந்த ஒரு வரி எனக்குக் கிடைத்திருந்தால் நான் தினமும் காலையில் தாங்கியைப் பார்த்திருப்பேன். குறைந்தபட்சம், எல்லோரும் கச்சான் வாங்க நிறுத்தும் முறிகண்டியிலாவது குனிந்து பார்த்திருப்பேன்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. ஏற்கெனவே கராஜ்களில் வேலை செய்வோருக்கு, சென்சரையும் வயரையும் மீற்றர் கொண்டு சோதிக்கும் முறையை வார இறுதியில் ஓரிரு நாட்கள் தமிழில் கற்பிக்க அந்நிறுவனம் முன்வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். தங்கள் பத்திரிகையும் வாகனப் பராமரிப்புக்கெனக் கிழமைக்கு ஒரு சிறு பத்தி ஒதுக்கினால், பரந்தன் பெரியவரைப் போன்றவர்களிடம் கேட்டு எழுதி அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மல்லாவி.