முத்து என்று சொல்லி மணியை விற்ற மோதிரம் தொடர்பான புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
ஹட்டன்.

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமைக் காரியாலயம், கொழும்பு.

விடயம்: நன்னீர் முத்து என விற்கப்பட்ட நிச்சயதார்த்த மோதிரத்தில் பூச்சு மணி இருந்தமையும், முழுப்பணத்தையும் மீளளிக்கக் கோரலும்

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

தங்கள் கண்டிக் காட்சியறையில் நான் 27,500 ரூபா கொடுத்து வாங்கிய முத்து மோதிரத்தில் இருப்பது முத்து அல்ல. அது ஒரு கண்ணாடி மணி. முத்தின் பளபளப்பு வருவதற்காக அதன்மேல் ஏதோ பூசியிருக்கிறார்கள். ஆனால் தங்கள் முத்திரையோடு என்னிடம் உள்ள பற்றுச்சீட்டில் "925 வெள்ளி, தங்க முலாம், 8 மி.மீ. இயற்கை நன்னீர் முத்து" என்று எழுதியிருக்கிறது. இதைத் தொலைபேசியில் சொன்னபோது தங்கள் ஊழியர், "சேர், இந்த விலைக்கு வேற என்ன எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த விலை எங்களுக்கு என்ன விலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளப்படி பார்த்தால், ஒரு அரைப்பேரும் (அரைநாள் சம்பளமும்) விழாமல் 21 நாள் மலைக்குப் போனால்தான் அந்த மோதிரத்தின் காசு வரும். அதில் பாதி அவர் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. மீதி நான் மருந்துக்கடையில் வேலை செய்து சேர்த்தது. வைரத்தைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. பவுன் 2 லட்சத்தைத் தாண்டிய பிறகு அரைப் பவுன் மோதிரமே இரண்டு வீட்டுக்கும் பாரம். பரிசத்துக்குப் புடவை, தட்டு, வேன், சாப்பாடு என்று செலவு இருக்கும்போது, மோதிரத்துக்கு 30,000 ரூபாவுக்கு மேல் போவதில்லை என்று நானும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவரும் பேசி முடிவெடுத்தோம்.

குறைந்த காசு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. முதலில் இரத்தினபுரி நீலக்கல்லைத்தான் நினைத்தேன். கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் அதற்கு 9, வைரத்துக்கு அடுத்த படி. தினமும் போட்டாலும் எளிதில் கீறாது. எங்கள் தொகைக்குச் சூடேற்றி நிறம் எடுத்த சின்னக் கல்தான் கிடைக்கும். அதைச் சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. ஆனால் அத்தை, "நீலம் வேணாம் தம்பி, சாதகம் பார்க்காமப் போட்டா எல்லாருக்கும் ஒத்துக்காது" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பெரியவர் மனம் சங்கடப்பட ஒரு மோதிரம் வேண்டாம் என்று அதை விட்டோம். ஸ்பினல் பார்த்தோம், கடினம் 8, நல்ல கல். பிடித்த நிறம் விலைக்குள் வரவில்லை. மாத்தறை வைரம் என்று பேர்பெற்ற வெள்ளை சிர்கோன் பார்த்தோம். மீட்டியாகொடைச் சந்திரகாந்தக் கல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும்.

முத்துத்தான் வேண்டும் என்றவர் நான் கட்டிக்கொள்ளப் போகிறவர். தோட்டப் பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறார். எங்கள் மூதாதையர் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து தோணியில் வந்து, மன்னார்ப் பக்கத்துக் கரையூர்களான தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைக்கு ஏறியவர்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் அங்கேயே இறந்துபோனார்கள். அதே அரிப்புக் கடலில்தான் வெள்ளைக்காரர் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தது. அதை மேற்பார்க்க ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் அந்தக் கரையில் இருக்கிறது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தபோது, அவரும் ஒரு பகுதி வழி நடந்தார். தன் கையில் ஒரு முத்து இருக்கட்டும் என்று அவர் கேட்டதற்குக் காரணம் அதுதான். தங்கள் மோதிரத்தில் மன்னார் முத்து இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்தக் குளிப்பு ஓய்ந்து காலமாகிவிட்டது. சீனத்து நன்னீர்ப் பண்ணையில் வளர்ந்ததானாலும் சிப்பிக்குள் விளைந்த முத்தாக இருந்தால் போதும் என்றுதான் இருந்தோம்.

இதைக் காட்சியறையில் வாய்விட்டே கேட்டேன். "இது உண்மையான முத்தா, ஷெல் பேர்ல் மாதிரிப் பூச்சுப் பூசிச் செய்ததா?" என்றதற்கு, "ஒரிஜினல் ஃப்ரெஷ்வாட்டர் பேர்ல் சேர், சீனாவிலிருந்து வருது" என்றார் அங்கே விற்பனைக்கு நின்ற தங்கை. அட்டையில் "இயற்கை" என்று போட்டிருக்கிறதே, பண்ணையில் வளர்த்ததை அப்படி எழுதலாமா என்றும் கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க சேர்" என்றார். வாங்குவதற்கு முதல் நாள் தங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கும் இதே கேள்வியை அனுப்பினேன். "100% உண்மையான முத்து" என்று வந்த பதில் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

பரிசம் முடிந்து கொஞ்ச காலத்திலேயே முத்தின் அடிப்பக்கம் நிறம் மாறத் தொடங்கியது. பிறகு ஒருநாள் பாடசாலையில் அவர் மேசைமேல் கை வைத்தபோது முத்து தனியாகக் கழன்று விழுந்தது. முத்து மோதிரத்தில் சின்னக் கிண்ணம் ஒன்றும் அதன் நடுவே ஒரு கம்பியும் இருக்கும். முத்தில் பாதி ஆழத்துக்குத் துளையிட்டு, அந்தக் கம்பியில் பசையோடு இருத்துவார்கள் என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். பசை விடுவது நல்ல முத்திலும் நடக்கக்கூடியது. அது மட்டும் என்றால் ஒட்டித் தாருங்கள் என்று கேட்டிருப்பேன். கழன்றதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் மற்றது தெரிந்தது. துளையின் வாயைச் சுற்றிப் பூச்சு வெங்காயச் சருகு போல உரிந்து எழும்பி நின்றது. நகத்தால் தொட்டதும் ஒரு துண்டு கையோடு வந்தது. அதன் கீழே வெள்ளையாக, வழவழவென்று, ஒரு கோடோ அடுக்கோ இல்லாத கண்ணாடி.

ஹட்டனில் பரம்பரையாக நகை வேலை செய்யும் பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் 10 மடங்கு காட்டும் லென்ஸில் துளையைப் பார்த்தார். பிறகு தன்னிடமிருந்த நன்னீர் முத்து ஒன்றையும் எங்களுடையதையும் மாற்றி மாற்றி முன்பல்லின் ஓரத்தில் மெதுவாகத் தேய்க்கச் சொன்னார். அவருடைய முத்து மெல்லிய மணலை உரசுவது மாதிரி நெறுநெறுத்தது. எங்களுடையது வழுக்கிக்கொண்டு போனது. உண்மையான முத்தின் மேற்பரப்பு கல்சியம் காபனேற்றுத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உண்டாவது; அந்த நெறுநெறுப்பு அதனால் வருவது. பூச்சில் அது இல்லை. அவர் அதற்குக் காசு வாங்கவில்லை. "பரிசத்துக்குப் போட்டதா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

தங்கள் காட்சியறை இதற்கு முதலில் சொன்ன காரணம், வாசனைத் திரவியமும் வியர்வையும் பட்டு முத்து பழுதாகிவிட்டது என்பது. முத்து மென்மையானது என்பது உண்மை. கடினம் 2.5இலிருந்து 4.5 வரைதான். புளியும் வாசனைத் திரவியமும் கை கழுவும் மருந்தும் பட்டால் ஒளி மங்கும், மேல் அரிக்கும். அப்படியானால் அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்; எங்களுக்கு ஒரு வரி அறிவுறுத்தலும் தரப்படவில்லை. இருந்தும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் அதைப் பாதுகாப்பாகவே வைத்திருந்தார். கை கழுவும்போது கழற்றுவார், துணியால் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பார். அதைவிட முக்கியமானது, வியர்வை பட்ட முத்து மங்குமே தவிர, உள்ளே கண்ணாடியாக மாறாது.

இரண்டாவது காரணமாகச் சொன்னதுதான் அந்த விலைக் கதை. அதுவும் சரியல்ல. நன்னீர்ப் பண்ணையில் ஒரே சிப்பியில் 20, 30 முத்துகள் வளர்க்கிறார்கள். அதனால்தான் நன்னீர் முத்து, கடல் முத்தைவிட மிக மலிவாகச் சந்தைக்கு வருகிறது. 8 மி.மீ. அளவில் ஓரளவு உருண்டையான ஒரு நன்னீர் முத்தை வெள்ளி மோதிரத்தில் வைத்து 27,500 ரூபாவுக்கு விற்றாலும் நியாயமான இலாபம் மிஞ்சும் என்று பத்தரே சொன்னார். ஆகவே உண்மையான முத்தைத் தருவதற்குத் தங்களிடம் விலை தடையாக இருக்கவில்லை.

பூச்சு மணியைப் பூச்சு மணி என்று சொல்லி 3,000 ரூபாவுக்கு விற்றிருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அழகாக இருக்கிறது என்று விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். வைரம் வாங்குகிறவருக்குச் சான்றிதழைக் கையில் கொடுத்து, கல்லின் எடை, நிறம், வெட்டு எல்லாம் விளக்குகிறீர்கள். நான் அங்கே நின்றபோது அதைப் பார்த்தேன். சின்ன விலைக்கு வாங்குகிறவருக்கும் தான் வாங்குவது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. பார்க்கப்போனால் அது அவருக்குத்தான் கூடத் தேவை. ஏமாந்துபோனால் இன்னொன்று வாங்க அவரிடம் காசு இருக்காது.

பற்றுச்சீட்டின் அடியில் "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பதை ஊழியர் எனக்கு வாசித்துக் காட்டினார். அது மனம் மாறி வருகிறவருக்குச் சொல்லலாம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னது என்று விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் பொருளின் தன்மை பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது.

எனக்கு வேண்டியது முழுப்பணம், காசாக. கடன் வவுச்சரோ வேறு நகையில் கழிவோ வேண்டாம். காட்சியறை முகாமையாளர் அப்படி ஒன்றைச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். இது முத்துத்தான் என்று தாங்கள் இன்னும் நம்பினால், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். நானும் கூட வருகிறேன். உண்மையான முத்து என்று அறிக்கை வந்தால் பரிசோதனைக் கட்டணத்தை நான் தருகிறேன், இல்லையென்றால் தாங்கள் தர வேண்டும். அதுவரை மணியும் உரிந்த துண்டும் என்னிடமே இருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன், இது என் காசைப் பற்றியதல்ல. அதே மாதிரி மோதிரம் தங்கள் இணையத்தளத்தில் இன்றைக்கும் அதே விவரத்தோடு இருக்கிறது. காட்சியறைத் தட்டிலும் அந்த வரிசையில் பல இருந்தன. எங்களைப் போலச் சின்னத் தொகையோடு பரிசத்துக்கு வருகிற பிள்ளைகள்தான் அதை எடுப்பார்கள். அந்த விவரத்தை உடனே மாற்றுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் தொலைபேசி இலக்கம் தங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இருக்கும், அவர்களுக்கும் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுவேன். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது தெரியும். அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

பற்றுச்சீட்டின் பிரதி, வட்ஸ்அப் உரையாடலின் படம், மணியின் துளையைக் கிட்டத்தில் எடுத்த படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். மூலப் பற்றுச்சீட்டை அனுப்பவில்லை. பணம் தரும் அன்று காட்சியறையில் நேரில் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஹட்டன்.