கம்பி இறங்கும் நேரத்தில்

கண்ணா,

போன முறை பேசும்போது இரண்டு கேள்வி கேட்டாய். "இத்தனை நாள் கடலுக்குள்ளே என்னதாம்மா பண்ணுவே?" என்பது ஒன்று. அலுவலகக் கணக்கில் நீ செய்த தவறை மேலதிகாரியிடம் சொல்லலாமா வேண்டாமா என்பது இன்னொன்று. அதற்குள் செயற்கைக்கோள் இணைப்பு அறுந்துவிட்டது. கருவி இப்போதுதான் தண்ணீருக்குள் போயிருக்கிறது, எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். எழுதுகிறேன்.

என் முறை நள்ளிரவு 12 முதல் பகல் 12 வரை. இரவு, ஞாயிறு என்றெல்லாம் இங்கே கிடையாது. இந்த ஆராய்ச்சிக் கப்பல் ஒரு நாள் சும்மா நின்றால் அது பெரிய நஷ்டம். நான் தூங்கப் போகும்போது அடுத்த அணி வந்து நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை தீ விபத்துப் பயிற்சி உண்டு. நல்ல தூக்கத்தில்தான் அந்த மணி அடிக்கும். உயிர்க்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு படகுப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

எனக்குப் பெரும்பாலும் சி.டி.டி.யோடுதான் வேலை. நீரின் மின்கடத்துதிறன், வெப்பம், ஆழம் மூன்றையும் அளக்கும் கருவி அது. மின்கடத்துதிறனை வைத்துத்தான் உப்பைக் கணக்கிடுகிறோம். அதோடு சேர்த்து, வட்டமான ஒரு சட்டத்தில் கடல் நீரைப் பிடித்து வர 24 நிஸ்கின் பாட்டில்கள். பாட்டில் என்கிறோமே தவிர, இரண்டு முனையும் திறந்திருக்கும் நீளக் குழாய்கள்தான். திறந்தபடியே அடிவரை போகும். மேலே இழுக்கும்போது வேண்டிய ஆழத்தில் நிறுத்திக் கணினியில் கட்டளை கொடுத்தால், மூடிகள் படக்கென்று சாத்திக்கொள்ளும். சரியாகச் சாத்தியதா என்பது கருவி டெக்குக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கருவியை இறக்கி ஏற்றும் வின்ச் நிமிடத்துக்கு 60 மீட்டர் கம்பி விடுகிறது. இங்கே ஆழம் 4000 மீட்டர், நீயே கணக்குப் போட்டுப் பார். 1872-இல் கடலை ஆராயப் புறப்பட்ட சேலஞ்சர் கப்பலில் இதே வேலையைச் சணல் கயிற்றை வைத்துச் செய்தார்கள். அதை நினைத்தால் முணுமுணுக்க வாய் வராது. உன் பெயர் எழுதிய தெர்மாகோல் கப் ஒன்றைப் பையில் போட்டு இந்தச் சட்டத்தில் கட்டியிருக்கிறேன். மேலே இருப்பதைப் போல 400 மடங்கு அழுத்தத்தில் அது விரலுறை அளவுக்குச் சுருங்கி வரும். எழுத்தும் சேர்ந்து சுருங்கும்.

மேலே வந்ததும் ஓட்டம்தான். ஆக்சிஜன் அளக்க வேண்டிய நீரை முதலில் பிடிக்க வேண்டும், காத்திருந்தால் காற்று கலந்துவிடும். குழாயைக் குடுவையின் அடிவரை விட்டு, குமிழ் வராமல் நிரப்ப வேண்டும். வெளியே வேர்த்துக் கொட்டும். அடியாழத்துப் பாட்டிலைத் தொட்டால் விரல் விறைக்கும்.

இனி உன் இரண்டாவது கேள்வி. மூன்று வாரத்துக்கு முன்பு, விடியற்காலை 4 மணி. 7-ஆம் பாட்டிலின் குடுவை எண்ணை 8-க்கும், 8-இன் எண்ணை 7-க்கும் எழுதிவிட்டேன். சோதித்துப் பார்த்தபோது வரைபடத்தில் அந்த இடம் மட்டும் கோணலாக இருந்தது. பாட்டில் ஒழுகியிருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒழுகுவது சகஜம்தான். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இரண்டு அளவையும் சந்தேகத்துக்குரியவை என்று குறித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போயிருப்பார்கள். அரை மணி நேரம் சும்மாதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் போய்த் தலைமை விஞ்ஞானியிடம் சொன்னேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "சரி, திருத்தி எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதி, கையொப்பம் இட வேண்டும். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் கோட்டுக்கு அடியில் பழைய 7 தெரிகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

3900 மீட்டர் ஆகிவிட்டது என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. கடல் தரையிலிருந்து பத்து மீட்டர் மேலேயே நிறுத்திவிடுவார்கள். நான் போய்க் குடுவைகளை எண் வரிசையில் அடுக்க வேண்டும். இப்போதெல்லாம் இரண்டு தடவை பார்த்துத்தான் அடுக்குகிறேன்.

அம்மா